ஒட்டுக் கேட்டவருக்கு ஒரு பொட்டலம்

சத்தியம். இதில் ஒரு எழுத்துகூட நானாகச் சேர்க்கவில்லை. சேர்க்கிற வேலைக்கு பர்மாவில் எங்கள் மோல்மீன் ஊரில் அரசாங்கமே ஆள் வைத்திருந்தது.

மேஜரின் மேஜைக்கு முன்னால் கருவாட்டுக் கடைக்காரி டோ செயின் மீ கைகட்டி நின்றாள். மகன் ஸோ பியேவுக்குச் சிங்கப்பூர்க் கப்பலில் வேலை. மேஜர் முத்திரை குத்தினால் கப்பல், குத்தாவிட்டால் ஜெயில்.

ஜெயில் எதற்கென்றால், கரண்ட் போன கோபத்தில் பையன் போனில் மாமாவிடம் ஜெனரல்களைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தான். நடுவில் ‘க்ளிக்’ என்றது. ஊருக்கே தெரிந்த சத்தம்தான். “ஒட்டுக் கேக்கறவனே, உனக்கும் சேத்துத்தான்டா!” என்று அதற்கும் ஒரு திட்டு வைத்தான்.

மேஜர் ஒட்டுக் கேட்டு எழுதிய காகிதத்தைப் பிரித்து வாசித்தார். “தாய்மாமனோடு பேச்சு. மீன் விழுது விலை. மாமாவின் பல்வலி. அரசாங்கத்தைப் பற்றி நல்ல வார்த்தை.”

மாமாவுக்குப் பல்லே கிடையாது.

“ஸயா, அது... எங்க வீட்டு நம்பர்தானா?” வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

“எங்க ஆளையே சந்தேகப்படறியா? கோ ன்யுன் மாங் எழுதினது, தாயி! போன வாரம் வாசல்ல லாரி டயர் வெடிச்சுது. நாங்க அத்தன பேரும் மேஜைக்கடியில. அவரு பேனா நிக்கல. காதுல மாட்டினத மாட்டினபடி எழுதிட்டிருக்காரு. அப்பேர்ப்பட்ட கவனம்!”

முத்திரை விழுந்தது.

பையன் கப்பலேறியதும் அவள் ஊறவைத்த தேயிலையும் நெத்திலிக் கருவாடும் பொட்டலம் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனாள். கோ ன்யுன் மாங் அங்கேதான் மீன்குழம்பு நூடுல்ஸான மோஹிங்காவை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“எம்புள்ளய காப்பாத்தின தெய்வம் நீங்க, ஸயா. அவன் உங்களத் திட்டினதையும் மனசுல வச்சுக்கல பாருங்க!”

அவர் கிண்ணத்திலிருந்து தலை தூக்கவில்லை. பெரிய மனிதர், அடக்கம் என்று நினைத்தாள். இன்னும் உரக்கச் சொன்னாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.

கல்லாவிலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“கத்தாதீங்கக்கா. ஜெனரலோட மச்சான்னு அந்த வேலைல உக்காத்தி வச்சிருக்காங்க. அவருக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காது.”