வாயைப் பொத்திய பெண்

அயோவாவின் அந்தச் சின்ன பேஸ்பால் மைதானத்தில் கிழவர்கள் ஆர்வில்லும் டெல்மரும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க ஒருத்தன் அடிச்ச பந்து சரக்கு ரயில்ல விழுந்து அடுத்த ஊருக்கே போயிடுச்சு, தெரியுமா?"

"அளக்காதடா ஆர்வில்! நீ கூடவே போய்ப் பாத்தியா?"

களத்தில் உள்ளூர்ப் பையன் பந்து வீசினான். எதிரணியில் வரிசையாக இருபத்தாறு முறை அவுட்டாக்கி அனுப்பிவிட்டான். ஒரு அடிகூடக் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிய பாக்கி ஒரே ஆள். இப்படி நடக்கும்போது அதை வாய்விட்டுச் சொன்னால் கெட்டுப்போகும் என்று அங்கே எல்லாருக்கும் பயம்.

"மட்டையோட வர்றவன் இன்னிக்கு அடிக்கலேன்னா டீம்ல இருந்து தூக்கிடுவாங்களாம்," என்றார் டெல்மர்.

ஆர்வில்லுக்கு வாய் நிற்காது. "அது கிடக்கட்டும். அறுபத்திரண்டு வருஷமா இந்த மைதானத்துல எவனும் ஒரு அடிகூடக் கொடுக்காம..."

பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். பந்து வந்தது. மூன்றாவது முறையும் மட்டை காற்றில்தான் சுழன்றது; அவன் அவுட். கூட்டம் எழுந்து கத்தியது.

"வீசினவன் உன் மகனாம்மா?" என்றார் ஆர்வில்.

"இல்லங்க. இப்ப அவுட் ஆனானே, அவன்."

"அடப்பாவமே! என்னைச் சொல்ல விட்டிருக்கலாமே?"

"அவன் மட்டையால அடிச்சு ஜெயிக்கணும் பெரியவரே. உங்க வாயால இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மகனைத் தேடி இறங்கிப் போனாள்.

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். "எழுபது வருஷமா பாக்குறேன் டெல்மர். இப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்லடா."