ரோசியின் தையல்

"ரஞ்சிதம், ரோசி கஞ்சியத் தொடவே மாட்டேங்குதுடி!" என் வீட்டுக்காரர் கோபிநாத் அழாத குறை.

வைத்திக்குப்பமே கடலுக்குப் போயிருந்தது. அவர் மட்டும், கருத்தடை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாய்க்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"வயித்த அறுத்த உடம்பு. அசையவே கூடாதாம். நான் இத உட்டு நகர முடியாது, நீ மீன் வித்துட்டு வா."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்தேன். சுரீரென்றது. அப்படியே நின்றுவிட்டேன்.

ரோசி தடுமாறி எழுந்து வந்து, என் புடவையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை.

"ஐயோ, அதப் படுக்க வைடி! தையல் பிரிஞ்சிடும்!"

அடிவயிற்றைப் பிடித்தேன். கை நனைந்தது.

"பிரிஞ்சிடுச்சுய்யா. ரோசிக்கு இல்ல. போன வாரம் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணாங்களே, அந்தத் தையல்."