தோளுக்கு மேலே

உலை கொதித்து மூடி தடதடத்தபோதுதான், இன்னும் அரிசியே போடவில்லை என்பது முத்துத்தாய்க்கு உறைத்தது.

போட்டாள். போட்ட கையோடு வாசலுக்கு ஓடி, கட்டிலில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. உள்ளே போனாள். மறுபடி வெளியே வந்தாள்.

ஜப்பானில் இந்நேரம் பாண்டிமீனாவை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள்.

மகள் ஈட்டி எறிகிறவள். சும்மா இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசியப் போட்டியில் இந்தியாவுக்காக எறியப் போயிருக்கிறாள். எறிவது இடது கையால். வலது கை, பிறக்கும்போதே நரம்பு இழுபட்டுப்போன கை. தோளுக்கு மேலே ஏறாது.

அங்கே போய் இறங்கியதும் ஈட்டியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் டாக்டர்கள் பார்ப்பார்களாம். அந்தக் கையைத் தூக்கச் சொல்லி, மடக்கச் சொல்லி, அளந்து பார்ப்பார்களாம். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்களுக்குப் பட்டுவிட்டால் போச்சு, போட்டியில் இடம் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

போன தடவை இவளோடு போன ஒரு பெண்ணை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை ஏர்போர்ட்டில் தரையிலேயே உட்கார்ந்து அழுததாம். அதைக் கேட்ட நாளிலிருந்து முத்துத்தாய்க்கு அதே நினைப்புதான்.

இது என்ன கூத்து! இந்த எழுமலை ஊரில் எந்தத் தாயாவது, தன் பிள்ளையின் கை விளங்காமலே இருக்கட்டும் என்று சாமியிடம் கேட்பாளா?

முத்துத்தாய் கேட்டாள்.

விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். இந்தக் கை சரியாக வேண்டும் என்று அவள் அழுது புரண்ட அதே வாசல். "இன்னைக்கு மட்டும் அது ஏறாம இருக்கட்டும் தாயே" என்றாள். சொன்ன வாயோடு சாமி முகத்தைப் பார்க்கக் கூசி, திருநீறுகூட வாங்காமல் திரும்பிவிட்டாள்.

"அக்கா, சரத்தைப் பிரிச்சு வச்சிரவா?" தம்பி அழகுபாண்டி, உசிலம்பட்டியிலிருந்து வாங்கிவந்த வெடிச்சரத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"முதல்ல போனு வரட்டும்டா. நீ வேற வயித்தெரிச்சலக் கெளப்பாத."

அவன் பாட்டுக்குச் சரத்தைப் பிரித்தான். அவனுக்கென்ன தெரியும்?

அவளுடைய பயத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் மகள் நாலைந்து நாள் வீட்டில் இருந்தாள். முத்துத்தாய் சும்மா இருப்பாளா? கைக்குழந்தையிலிருந்து நீவிவிட்ட கை ஆயிற்றே! தைலத்தைச் சுடவைத்து, காலையும் சாயங்காலமும் அந்தத் தோளை நீவினாள். மகளும், அம்மாவின் ஆசையைக் கெடுப்பானேன் என்று சாய்ந்து கிடந்தாள்.

புறப்படுகிற அன்றைக்கு, பாண்டிமீனா கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள். வலது கையால். கை தோளைத் தாண்டிப் போனது.

முத்துத்தாய் தன் கண்ணால் பார்த்தாள். மகள் அதைக் கவனிக்கவே இல்லை. துண்டைப் பைக்குள் திணித்துவிட்டு, "வாரேம்மா" என்று போய்விட்டாள்.

அன்றோடு தூக்கம் போயிற்று. பாவி, என் கையாலேயே பிள்ளை பொழப்பைக் கெடுத்துவிட்டேனே என்று புரண்டு புரண்டு படுத்தாள். எத்தனை வருஷம் வெயிலில் காய்ந்த பிள்ளை! இருட்டோடு பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பழகிய பிள்ளை! சூம்பக்கை என்று கூப்பிட்ட வாயெல்லாம் இப்போதுதான் 'நம்ம பாண்டிமீனா' என்கிறது. அத்தனையும் ஒரு குப்பித் தைலத்தில் போய்விடுமோ?

போன் அடித்தது.

அவசரத்தில் முதலில் அமுக்கியது விழவில்லை. இரண்டாவது தடவை மகள் முகம் வந்தது. நீலச் சட்டை, வியர்வை, வாயெல்லாம் பல்.

"ம்மா! எடுத்துட்டாங்கம்மா! நாளான்னைக்கு எறியுறேன்!"

அழகுபாண்டி பற்றவைத்துவிட்டான். தெருவே அதிர்ந்தது. அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை. முத்துத்தாய் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அம்மாடி, பிள்ளை தப்பித்தாள்! தைலம் ஒன்றும் செய்துவிடவில்லை.

"ம்மா, இன்னொன்னு கேளு. இனிமே எனக்கு இந்த டெஸ்டே கிடையாதாம். எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, யாரும் கையத் தொட்டுப் பாக்க மாட்டாங்க. இது இப்படியேதான் இருக்கும், எந்தக் காலத்துலயும் மாறாதுன்னு முடிவாச் சொல்லிட்டாங்க! இதுக்கு எம்புட்டுப் பேரு ஏங்கிக் கெடக்காங்க தெரியுமா?"

மகள் குதித்தாள். போனில் முகம் மேலும் கீழும் ஆடியது. பக்கத்தில் யாரோ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

முத்துத்தாயும் சிரித்தாள். சந்தோஷம்தான், பொய் இல்லை. ஆனால் 'எந்தக் காலத்துலயும் மாறாது' என்றது மட்டும் காதிலேயே நின்றது.

வாசலில் வெடி ஓய்ந்தது. அழகுபாண்டி யாருக்கோ மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான். முத்துத்தாய் அடுப்படிக் கதவைச் சாத்தினாள். போனை வாயருகே கொண்டுவந்து, வெளியே யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏன் பாப்பா, அங்க வேற டாக்டரு யாரும் இல்லையா?"