ஏழு சட்டை விடுமுறை

“நாலாம் நாளுக்கு அந்த நீலச் சட்டைய மாட்டுங்க. கொஞ்சம் சிரிங்க.”

சாய்வு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு கிடந்த குமாஸ்தா சிரித்து வைத்தார். பின்னால் கடல் பளிச்சென்று இருந்தது.

ஏழாவது சட்டையும் முடிந்தது. மேனேஜர் கேமராவை மூடிவிட்டு, கடல் படம் போட்ட திரைச்சீலையைச் சுருட்டினார். “எல்லாருக்கும் லீவு குடுக்கிறோம்னு மேலிடத்துக்குக் காட்டணுமே. தினம் ஒண்ணா கம்பெனி ஃபேஸ்புக்ல போட்டுடறேன். நீங்க சீட்டுக்குப் போங்க, வேலை மலையாக் கிடக்கு.”

மூன்றாம் நாள் மதியம், ஃபைல்களுக்கு நடுவே குமாஸ்தாவின் செல்போன் அடித்தது. சொந்த ஊரில் இருக்கும் மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“எங்களக் கூட்டிட்டுப் போக லீவே கிடைக்கலன்னீங்க. அங்க உங்கள விதவிதமா படம் எடுக்கிறவ யாரு?”

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். எதிர் மேஜையில் மேனேஜர் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.