வீட்டுக்கு ஒரு ஆள்

புருஷனை அடக்கம் பண்ணிய மறுநாள் காலையிலேயே பெரியநாயகி சாலை மறியலுக்குக் கிளம்பிவிட்டாள்.

தெருவே வாயில் கை வைத்தது. கருமாதி முடிகிற வரைக்கும் புருஷனைப் பறிகொடுத்தவள் வாசப்படி தாண்டக் கூடாது. மூலையில் உட்கார வேண்டும். வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். இவளோ கையில் தண்ணிச் சொம்போடு விடுவிடு என்று நடந்தாள்.

சேதி இருசம்மாளுக்குப் போனது. செத்துப்போன கொளஞ்சியப்பனின் கூடப் பிறந்த அக்கா அவள். கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு வந்து தம்பியோடு பல வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. சாவுக்கு மட்டும் வந்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எந் தம்பி மானத்த வாங்கறாளே!" என்று ரோட்டுக்கு ஓடினாள்.

வெள்ளிமலை ரோட்டில் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் சனம். அந்தப் பக்கம் போலீஸ் வேன். இட ஒதுக்கீடு கேட்டு சங்கம் அறிவித்த மறியல், ஒரு வாரத்துக்கு. வீட்டுக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும். வராத வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. கட்டுப்பாடு அப்படி.

முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள் பெரியநாயகி. பக்கத்தில் மொட்டைத் தலையோடு மகன் அறிவுச்செல்வன்.

"ஏண்டி, வெக்கமா இல்ல? நேத்துப் பொணம் எடுத்த வூடு. எழுந்திரு, போலாம்."

"வரல அண்ணி."

"இன்னா வரல? அதான் உம் மவன் குந்திகினு இருக்கானே. ஒரு வூட்டுக்கு ஒரு ஆளு போதாதா? உம் புருஷனும் இப்படித்தான். புள்ள வந்தா போதும்னா அப்பனும் கூடவே வந்தான். பெரிய தலைவர் ஆவணும்னு ஆசை. வெயில்ல குந்தி, நெஞ்சு வலி வந்து, இங்கியே சாஞ்சான். இப்ப நீ கெளம்பிட்டியா?"

தெருவுக்குச் சங்கப் பொறுப்பாளி முனியன்தான் குறுக்கே வந்தான்.

"செத்தவன அப்படிப் பேசாத இருசு. எந்த வூட்டுல பந்தல் போட்டாலும் மொத மூங்கில் அவன் தோள்லதான் வரும். மழையில கரியாலூர் போற ஜீப்பு மண்ணுல மாட்டிக்கினப்ப, தள்ளறதுக்கு மொதல்ல எறங்கினவன் அவன். பொண்டாட்டி மேல கை நீட்டாத ஆம்பள நம்ம தெருவுல அவன் ஒருத்தன்தான்."

"அப்ப நீ?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முனியனும் சிரித்துத் தொலைத்தான்.

யாரோ ஒருவன் எழுந்து கத்தினான். "கொளஞ்சியப்பனுக்கு!"

"வீர வணக்கம்!"

வேனில் சாய்ந்திருந்த போலீஸ்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் இருசம்மாளுக்கே மார் ஒரு சுற்றுப் பெருத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் சரி. மொற இல்லியா? எங்க வூட்டுக்காரர் கால் ஒடஞ்சி கட்டில்ல கெடக்கறார். பொண்ணுங்கள கட்டிக் குடுத்தாச்சி. நெலமையப் பாத்து சங்கத்துலயே எங்க வூட்ட வுட்டுட்டாங்க. அது மரியாத! இவள மாதிரி தாலி எறங்கறதுக்கு முன்னாடி ரோட்டுல வந்து குந்தறதா மரியாத?"

முனியன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். ஆள் கணக்கு எடுக்க ஆரம்பித்தான்.

"செல்லியம்மா வூடு?"

"வந்தாச்சி!"

"கொளஞ்சியப்பன் வூடு?"

"வந்தாச்சி!" என்றான் அறிவுச்செல்வன்.

"ராமசாமி வூடு?"

இருசம்மாள் திடுக்கிட்டாள். அது அவள் வீடு. 'அதான் வுட்டுட்டீங்களே' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வந்தாச்சி!"

கை தூக்கியது பெரியநாயகி.

"எங்க வூட்டுக்கு நீ இன்னாடி கொரலு குடுக்கற?"

பெரியநாயகி தலை நிமிரவில்லை. முனியனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எந்த வூட்டையும் நாங்க வுடல இருசு. மொத நாளே உன்னக் கூப்புடக் கெளம்பினோம். உந் தம்பிதான் மறிச்சிக்கினான். 'அக்கா மாமனப் பாப்பாளா, இங்க வந்து குந்துவாளா? எங்க வூட்டுக்குப் பையன் இருக்கான். அக்கா வூட்டுக்கு நான் குந்தறேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, வீம்புக்கு எழுந்து வந்துடுவா'ன்னான். அவன் குந்துனதும் உன் வூட்டுக்கு. சாஞ்சதும் உன் வூட்டுக்கு."

இருசம்மாள் தம்பி சாய்ந்த இடத்தைப் பார்த்தாள்.

"வெயிலு ஏறுது," என்றாள் பெரியநாயகி மெதுவாக. "கட்டில்ல அண்ணன் தனியா கெடப்பாரு. நீங்க போங்க அண்ணி. உங்க வூட்டுக்குத்தான் நான் இருக்கேனே."

இருசம்மாள் போகவில்லை. பெரியநாயகியை இடித்துக்கொண்டு தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தம்பி பொண்டாட்டியின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தாளு ஒரு நாளு கெடக்கட்டும். முனியா, போலீஸ்காரன் காதுல வுழற மாதிரி கத்திச் சொல்லுடா. ராமசாமி வூட்டுக்கு இன்னிக்கி ரெண்டு ஆளு!"