மடிக்குள் ஒரு மடி

கத்தியை அவள் மெதுவாகத்தான் இறக்கினாள்.

பச்சைத் துணி சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. கொசுவலைத் துணி. கரைவலையின் அடியில், மீன் வந்து விழும் மடிக்குள், இன்னொரு மடியாக வைத்துத் தைத்தது. போன மாதம் தொம்மை சம்மாட்டி டவுனிலிருந்து வாங்கி வந்தார். வலை அவருடையது. யார் இழுப்பது என்பதும் அவர் சொல்வதுதான்.

அன்றிலிருந்து இந்தக் கரையில் எதுவும் தப்பிப் போகவில்லை.

வலைக்குப் பக்கத்தில் மணலில் கொட்டிக் கிடந்தது இன்றைய மீன்பாடு. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். அதற்குள் விளைமீன் குஞ்சு இருந்தது. ஊளிக் குஞ்சு இருந்தது. ஊசிமுனை போலச் சீலா. நகத்தில் பாதிகூட வளராத கடல்குதிரை ஒன்று, வாலைச் சுருட்டியபடி.

கோழித் தீவனத்துக்கு மீன் எடுக்கும் லாரிக்காரருக்கு இத்தனைக்கும் ஒரே பெயர்தான்.

"இன்னைக்குப் பொடி எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே அவர் பின்கதவைத் திறந்திருந்தார்.

வலை இழுக்கிறவர் வீட்டுக்குக் குழம்புக்கு ஒரு கை மீன். அது இந்தக் கரையின் வழக்கம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவளும் சட்டியோடுதான் வந்தாள். குனிந்து கிளறினாள். கிளறிக்கொண்டே இருந்தாள்.

தலை கிள்ளுகிற அளவுக்கு ஒரு மீன் இல்லை.

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம் கத்தியை வாங்கித்தான் துணியில் இறக்கியிருந்தாள்.

"ஏட்டி ஜெனோவா." சம்மாட்டி குரலை உயர்த்தவில்லை. "கத்தியக் கீழ வை."

"வைக்கேன் மாமா. இத முடிச்சிட்டு வைக்கேன்."

கயிற்றோரம் நின்ற ஆண்களில் ஒருவன் சிரித்தான்.

"ஏல செல்வின், ஒம் பொண்டாட்டி இன்னைக்கி வலையத்தான் கொழம்பு வைப்பா போல."

செல்வின் சிரிக்கவில்லை.

"இன்னும் அறுத்தா, நாளையிலருந்து ஒம் புருசனுக்கு இந்த வலையில எடம் கெடையாது" என்றார் சம்மாட்டி.

இந்தக் கரையில் வேறு வலை கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

இன்னொரு சாண் அறுத்தாள்.

"மடிக்கு எதுக்கு மாமா கண்ணு கண்ணாப் பின்னுதோம்?" நிமிராமலே கேட்டாள். "சின்னதப் பாத்து விடத்தான. நீங்க அத மூடித் தச்சிட்டிய."

ஓர் அலை வந்து மீன்குவியலின் ஓரத்தை நக்கிவிட்டுப் போனது.

ஈர வலை தொய்ந்து தொய்ந்து நழுவியது. கத்தி தடம் விலகியது. இப்படியே போனால் துணியோடு சேர்ந்து வலையும் அறுபடும். அவளுக்குப் பயம் அது ஒன்றுதான்.

மணலில் காலடி கேட்டது.

யாருடையது என்று பார்க்கத் தேவையில்லை. அந்த நடையைக் கேட்டுத்தான் தினமும் உலையை இறக்குகிறாள்.

கத்திப்பிடியை இறுக்கினாள். பிடுங்க வந்தாலும் கொடுப்பதாக இல்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் கேட்டு அவள் மறுக்கிற முதல் பொருள் இதுவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் கேட்கவில்லை.

அவளுக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தான். வலை தைக்க உட்காருகிறவனைப் போல, மடியின் ஒரு கண்ணைக் கால் பெருவிரலில் மாட்டினான். மறு ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி, சம்மாட்டிக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து, விறைப்பாக இழுத்துப் பிடித்தான்.

"வலையில பட்டுராம" என்றான். "துணிய மட்டும் அறு."