பஸ் ஹோல்ட்டில் இருக்கிற முகம்

இடது புருவத்தில் வெட்டு இருந்தது.

அதைத்தான் முதலில் பார்த்தேன். தொப்பி, பச்சை உடுப்பு, நெஞ்சில் மெடல் எல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது.

எங்கள் தோட்டத்துச் சந்தியில் பழைய பஸ் ஹோல்ட்டை உடைத்துப் புதிதாகக் கட்டி, நேற்றுத்தான் ரிப்பன் வெட்டினார்கள். யுத்தத்தில் செத்த ஒரு கோப்ரலின் பேரில். பதினொரு பேரைக் காப்பாற்றினவனாம். மைக்கில் சொன்னது நாங்கள் குடியிருக்கிற லயம் வரைக்கும் கேட்டது. சுவரில் அவனை ஆளுயரத்துக்குப் பெயின்டில் கீறியிருக்கிறார்கள்.

அந்த வெட்டு எனக்குத் தெரியும். என் மகன் இந்திரகுமாருக்கு ஒன்பது வயதில் ரப்பர் வெட்டுகிற கத்தி பட்ட இடம். நான் கழுவி வைக்கச் சொன்ன கத்தி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். வெட்டு அங்கேயேதான் இருந்தது.

இந்திரன் காணாமல் போய் முப்பத்தொரு வருஷம். இவன் எப்போது பட்டாளத்தில் சேர்ந்தான்?

எனக்குச் சிங்களம் பேச வரும், படிக்க வராது. பஸ்ஸுக்கு நின்ற செல்லையாவிடம் பேரை வாசிக்கச் சொன்னேன். அவனை நம்ப முடியாது. இரண்டாம் தரமும் வாசிக்க வைத்தேன். கோப்ரல் கருணாதிலக என்றான். பஸ் வந்ததும் கொண்டக்டரிடமும் கேட்டேன். அவனும் அதையே சொன்னான்.

"என்னண்ணே இப்புடி மொறைக்கிறீங்க? ஒரு சல்யூட்ட போட்டுட்டு வாங்க, எதுக்கும் நல்லது!" என்று சொல்லிவிட்டு செல்லையா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனான்.

கருணாதிலகவையும் எனக்குத் தெரியும். கீழே கிராமத்து லீலாவதியின் மகன். எங்கள் லயத்துப் பீலித் தண்ணீரில் குளிக்க வருவான். அகன்ற முகம். விரிந்த காது.

சுவரில் இருந்தது ஒடுங்கின முகம்.

இந்திரன் பேரை மாற்றிக்கொண்டு எங்கேயாவது பிழைத்துக் கிடந்தானோ? அப்படியென்றால் செத்தது எவன்? பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் லீலாவதி அரலியாப் பூவோடு வந்தாள். படத்தின் காலடியில் வைத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவளாகவே சொன்னாள். மண்சரிவில் வீடு போனபோது மகனுடைய படம் எல்லாம் போய்விட்டது. பட்டாளத்தில் சேர முன்னம் டவுனில் முக்தார் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்திருந்தான். முக்தார் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் பழைய பெட்டியைக் கிண்டி, அந்த வருஷத்துப் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்களாம். அதைப் பார்த்துத்தான் கீறியது.

அதே வருஷம் இந்திரனும் அங்கேதான் படம் எடுத்தான். அடையாள அட்டைக்கு.

லீலாவதி என் கையைப் பிடித்தாள். ஊரில் எல்லோரும் அச்சு அசல் என்கிறார்கள், எனக்கு அவன் முகம் மறந்துவிட்டது, ஆரிடமும் சொல்லவில்லை என்றாள். நீதான் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் என்றாள். உண்மைதான். அவள் மகள் கல்யாணத்தில் சோறு வேகவில்லை என்று பந்தியில் வைத்தே சொன்னவன் நான்.

"அழகமுத்து அய்யே, மே மகே புதாத?"

இது என் மகன்தானா என்று கேட்கிறாள்.

இல்லை என்று சொன்னால் நாளைக்கே இந்த முகத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

"ஓவ் நங்கி," என்றேன். "ஒயாகே புதா தமாய்."

உன் மகன்தான் என்றதும் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டாள். புருவத்து வெட்டைத் தடவிக் கொடுத்தாள். யுத்தத்தில் பட்டது என்று நினைத்திருப்பாள்.

எங்களிடம் இந்திரனுடைய படம் ஒன்றுகூட இல்லை. இருந்த மூன்றையும் முறைப்பாடு எழுதும்போது பொலிஸ் ஸ்டேசனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முக்தாரிடம் போய்க் கேட்டேன். பிலிம் இல்லை என்றார். அப்போதே நான் நம்பவில்லை.

அந்தப் படங்களை ஸ்டூடியோவில் இருந்து நான்தான் போய் எடுத்து வந்தேன். இந்திரன் போக முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், இதே சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவனை, அடையாள அட்டை இல்லை என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏற்றியவர்கள் போட்டிருந்ததும் இதே பச்சை உடுப்புத்தான்.

என் பெண்சாதி புஷ்பத்துக்கு முழங்கால் சரியில்லை. எப்படியாவது நாளைக்குக் கூட்டி வரவேண்டும்.

கழுத்துக்குக் கீழே பார்க்காதே என்று சொல்லித்தான் கூட்டி வரவேண்டும்.